மாவுக் கையோடு கும்பிட்டது

இந்த மலையாள ஊர் மட்டாஞ்சேரியில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் சத்தமே வராது. கதவு திறக்கும், முதலில் ஒரு செல்போன் வெளியே வரும், அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒரு ஆள் வருவார். சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார். எதிராளியும் எடுப்பார். படம் எடுத்து முடிகிற வரைக்கும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வந்த புதிதில் இதைப் பார்த்து, எவ்வளவு நாகரிகமான ஊர் என்று அசந்துபோய் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஒட்டன்சத்திரத்தில் அப்படிக் கிடையாது. அங்கே நான் காய்கறி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மார்க்கெட் வாசலில் உரசாத வண்டியே இல்லை. உரசியதும் சத்தம்தான் முதலில் வரும். “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று ஒருத்தர் கேட்பார். இன்னொருத்தர் அதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லுவார். கூட்டம் கூடும். அப்புறம் இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டு, “விடுங்கண்ணே, தெரியாம நடந்துபோச்சு” என்பார். அவ்வளவுதான், அடுத்தவருக்கும் குரல் இறங்கிவிடும். “இல்லப்பா, நானும் கொஞ்சம் பாத்து வந்திருக்கணும்.” முதலில் கும்பிட்டவர்மேல்தான் தப்பு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எரிகிற அடுப்பைத் தணிக்கிற மாதிரி அது. கை தானாகவே போகும்.

வெளியூரில் வளர்கிற பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் எல்லாரும் வண்டி ஓட்டப் போகிறவர்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை, பெரிதாக எழுதவும் வராது. ஆனாலும் சின்ன விபத்து ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும், நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. என் மகள் ஹரிணியும் இதைப் படிப்பாள். இங்கேயே பிறந்தவள். மலையாளம் தண்ணீர் மாதிரி வரும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

மட்டாஞ்சேரி மொத்தக் கடையில் அரிசி எடுத்து, வீட்டில் மாவாட்டி, தேவரா பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் பிழைப்பு. கார் பழையது. பின் சீட்டில் ஒரு பாதி மாவு வாளிகளுக்கு, மறு பாதி ஹரிணிக்கு. அவள் பள்ளிக்கூடமும் தேவராவில்தான். அன்றைக்கு அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்குப் பரீட்சை. பரீட்சை என்பதால் சீக்கிரமே கிளம்பியிருந்தோம். பஜார் ரோட்டில் ஒரு லாரி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு பாதையை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார். அதற்குப் பின்னால் நாங்கள்.

முன்னால் நிற்கிற வண்டியின் பின் சக்கரம் தரையைத் தொடுகிற இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த அளவுக்கு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். நானும் விட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். என்ன நினைத்தாரோ, வெள்ளைக் காரின் பின் விளக்கு எரிந்தது. அவர் ரிவர்ஸ் எடுக்கிறார். ஹார்ன் அடித்தேன். அழுத்திப் பிடித்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே ஏசியில் இருக்கிறவருக்கு எங்கே கேட்கும்? நான் பின்னால் போகலாம் என்றால் என் பின்னால் ஒரு ஆட்டோ. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, அந்தக் கார் வந்து இடிப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். டொம். அடி பெரிதில்லை. ஆனால் ஒரு வாளி சாய்ந்து, மூடி கழன்று, மாவு ஹரிணியின் ஷூ மேலே கொட்டிவிட்டது.

திரும்பி வாளியை நிமிர்த்தினேன். “அடிபட்டுச்சா பாப்பா?” என்றேன். “இல்லப்பா” என்றாள். முழங்கை வரை மாவோடு இறங்கினேன். எதிரே அவர் செல்போனோடு வந்துகொண்டிருந்தார். நல்ல சட்டை, என் வயதுதான் இருக்கும். என் கை தானாகவே போய்விட்டது. மாவுக் கையோடு கும்பிட்டுவிட்டேன்.

அவர் அதையும் வீடியோ எடுத்தார்.

“எந்தா சேட்டா, முன்னில் வண்டி நிக்குந்நது கண்டில்லே?” என்றார். முன்னால் வண்டி நிற்பது தெரியவில்லையா என்று, இடித்தவர் என்னைக் கேட்கிறார். அவர் எடுத்த படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் காரின் பின்பக்கத்தில் என் காரின் மூக்கு. பின்னால் இருந்து நான் போய் முட்டியதற்கும், அவர் வந்து முட்டியதற்கும் படத்தில் என்ன வித்தியாசம்? ரிவர்ஸ், ரிவர்ஸ் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலையாளம் கடையில் மாவு போடுவதற்கான மலையாளம். “நாளெ எத்ர வேணம்”, நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கத் தெரியும். நியாயம் கேட்கத் தெரியாது.

அதற்குள் மூட்டை இறக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். கதவு வழியாக மாவு ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. என் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, ரோட்டில் தன்னெ தோச சுடான் போகுவாணோ?” என்றார். ரோட்டிலேயே தோசை சுடப் போகிறேனா என்று கேட்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

ஹரிணி இறங்கி வந்தாள். “அங்கிளாணு ரிவர்ஸ் எடுத்தது. ஞங்ஙள் நிறுத்தி இட்டிருக்குவாயிருந்நு” என்றாள், நிதானமாக. ரிவர்ஸ் எடுத்தது அங்கிள்தான், நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம் என்று.

“மோள் மாறி நிக்கு. டிரைவரோடு ஞான் பறஞ்ஞோளாம்” என்றார் அவர். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டிரைவரிடம் பேசிக்கொள்கிறாராம்.

“டிரைவரல்ல. என்டெ அச்சனா” என்றாள். டிரைவர் இல்லை, என் அப்பா என்று.

அவர் என்னையும் அவளையும் ஒரு முறை பார்த்தார். கொஞ்சம் கூசினார் என்றே நினைக்கிறேன். பிறகு செல்போனை அவளிடம் நீட்டி, அந்த வீடியோவை ஓட்டிக் காட்டினார். நான் இறங்குகிறேன், கும்பிடுகிறேன்.

“தெற்று இல்லெங்ஙில் பின்னெ எந்தினா கை கூப்பியது?”

தப்பு இல்லாதவன் ஏன் கும்பிட்டான்? ஹரிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. மலையாளத்தை விடுங்கள், தமிழில்கூட மார்க்கெட் வாசலையும் சத்தத்தையும் நான் எப்படி அந்த நடுரோட்டுக்குக் கொண்டுவருவேன்?

“ஞங்ஙள்டெ நாட்டில் அங்ஙனெயா” என்றாள். எங்கள் ஊரில் அப்படித்தானாம். திருவிழாவுக்கு நாலு நாள் போய் கொசுக்கடி என்று அழுதவள் சொல்கிறாள்.

“மோள்டெ நாடு ஏதா?” உன் ஊர் எது என்று கேட்டார் அவர்.

கொஞ்சம் யோசித்தாள். “இவிடெ தன்னெ. மட்டாஞ்சேரி.” இங்கேயேதானாம்.

மூட்டைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. போலீஸ் வந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றார். பரீட்சை என்று அவள் சொன்னபோது மட்டும், “ஐயோ, மோள் வேகம் பொய்க்கோ. அச்சன் இவிடெ நிக்கட்டெ” என்றார். அவள் சீக்கிரம் போகட்டும், அப்பா இங்கே நிற்கட்டும் என்று. கெட்டவர் இல்லை. பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்காத ஒரு மனிதர், அவ்வளவுதான்.

தோசை என்று கேலி பேசிய ஆட்டோக்காரரே அவளை ஏற்றிக்கொண்டார். ரிவர்ஸ் எடுத்து வேறு சந்து வழியாகப் போகலாம் என்றார்.

அப்புறம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வீடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் வருகிறவன்தான் கவனமாக வர வேண்டும் என்றார். எங்களைத் தவிர, ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்த ஒரே ஆள் அந்த ஆட்டோக்காரர். அவர் என் மகளைக் கொண்டுவிடப் போயிருந்தார். அவரவர் வண்டியை அவரவர் சரிபண்ணிக்கொள்ளுங்கள் என்று போலீஸ்காரர் அனுப்பிவிட்டார். ஹரிணி நேரத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டாள். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, இடித்ததும் நாலு பக்க விளக்கையும் போடுங்கள். யாருக்காவது அடிபட்டதா என்று பாருங்கள். பிறகு நீங்களும் படம் எடுங்கள்; இடித்த இடத்தை மட்டும் எடுத்தால் போதாது, தள்ளி நின்று ரோடு முழுக்கத் தெரிகிற மாதிரி எடுங்கள். பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் போவதற்கு முன்னால் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கத்தாதீர்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது.

ஆனால் கையை என்ன செய்வது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறும்போது ஹரிணி என் காதருகே வந்து தமிழில் சொன்னாள், “அப்பா, நான் போனதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாலும் கும்பிடாதீங்க.” ஆட்டோ திரும்பியது. அவள் வெளியே கை நீட்டி ஆட்டினாள். நானும் ஆட்டத்தான் கையைத் தூக்கினேன். வெள்ளைக் கார்க்காரரின் செல்போன் இன்னும் என் பக்கமே இருந்தது. இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்களோ. தூக்கிய கையை இறக்கி, காய்ந்துபோன மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றேன். சந்து திரும்புகிற வரைக்கும் அவள் ஆட்டிக்கொண்டே போனாள்.