குளிர் அறைக்குள் அடுப்புக் காஸ் மணம்

யுத்தம் முடிந்த மறு வருடம், பனிச்சங்கேணி மீனவர் சங்கத்துக்குப் புதிதாகக் கட்டிய குளிர் அறையில் நடந்தது இது. தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை முடித்து, மட்டக்களப்பில் குளிர்சாதனம் திருத்தும் கடையொன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எதையும் பட்டியல் போட்டே செய்வேன். அன்றும் பதினான்கு வேலைகளை எழுதி, ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். குளிரூட்டும் காஸ் சிலிண்டர்: லேபல் சரி, சீல் சரி.

இயந்திரத்தில் காஸ் ஏற்றிய பிறகு அறைக்குள் ஒரு குழாய் இணைப்பு கசிந்தது. சூடாக்கி மறுபடி ஒட்டவேண்டும். அதற்குக் குழாய் காலியாக வேண்டும் என்பதால், ஏற்றிய காஸை அறைக்குள்ளேயே திறந்துவிட்டோம். லேபலில் இருந்த காஸ் எரியாத வகை. அதனால் அப்போது எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் செய்வார்கள். என்னோடு வேலைக்கு வந்த காத்தான்குடி அண்ணன், நானா என்றே கூப்பிடுவேன், குழாயைச் சூடாக்கும் டோர்ச்சைப் பற்றவைக்க லைட்டரைக் கையில் எடுத்தார்.

வாசலில் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்த சங்கத்து அக்கா எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்.

"என்ன மகள், அடுப்புக் காஸ் மணக்குது?"

"புதுக் காஸ் அப்பிடித்தான் அக்கா" என்றேன், தாளிலிருந்து நிமிராமல்.

"பசி வந்தா மூக்கு குசினிக்குத்தான் போகும்" என்று நானா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "சுனாமிக்குப் பிறகு காம்பில முழுச் சனத்துக்கும் காஸிலதான் சமைச்சனான். இது அந்த மணந்தான். லைட்டரக் கீழ வையுங்க தம்பி."

அந்தக் குரலுக்கு நானாவின் கை தானாக இறங்கியது. கதவை அகலத் திறந்துவிட்டு மூவரும் வெளியே வந்தோம்.

சிலிண்டரை மர நிழலில் வைத்து, மிஞ்சிய காஸின் அழுத்தம் பார்த்தேன். இருக்கவேண்டிய அளவைவிட அழுத்தமானியின் முள் எங்கேயோ மேலே நின்றது. யாரோ சமையல் காஸைக் கலந்து அடைத்து, நல்ல லேபல் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அந்த அறைக்குள் ஒரு பொறி போதும், நானாவும் நானும் மிஞ்சியிருக்க மாட்டோம். அழுத்தம் பார்ப்பது சின்ன வேலை. என் பதினான்கில் அது இருக்கவில்லை.

அடுத்த கிழமை வேறு சிலிண்டர் கொண்டுபோய், இணைப்பை ஒட்டி, அக்காவின் முன்னாலேயே அழுத்தம் அளந்து ஏற்றினேன். மறுநாள் காலை முதல் மீன் பெட்டிகள் உள்ளே போயின. அக்கா ஒருமுறை உள்ளே போய் வந்து, "இப்ப மீன் மட்டுந்தான் மணக்குது" என்றார். நானாதான் அதிகம் சிரித்தார்.

ஒட்டியிருந்த காகிதத்தை நம்பிய நான், பக்கத்தில் நின்று கேட்டவரை நம்பவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் வேலை செய்யும் இடத்தில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் போகிறேன்.