பன்னிரண்டாவது மனு

ஆவடி தொழிற்சாலையில் ரெஜினா பரிசோதகராக இருந்தபோது, ஒரு போல்ட் கோணலாக இருந்தாலும் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வுபெற்று நெமிலிச்சேரி ஃப்ளாட்டுக்கு வந்தபின் அவர் கோபமெல்லாம் ஓடையில் கழிவுநீர் கொட்டும் லாரிகள்மேல் திரும்பியது. அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அதிகாரிகளிடம் பதினோரு மனு கொடுத்தார். “எங்கேருந்து வர்ற லாரின்னு எழுதலியேம்மா” என்று தட்டிக்கழித்தார்கள்.

ஒருநாள் காலை, கொட்டிவிட்டுத் திரும்பிய லாரியை ஸ்கூட்டரில் துரத்தினார். அது அவருடைய ஃப்ளாட் வளாகத்துக்குள்ளேயே நுழைந்து, செப்டிக் டேங்கில் குழாயை இறக்கியது.

மறுநாள் மனுவை வாங்கிய எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா மேடம், புகார் குடுக்கறவங்க அட்ரஸும் கொட்றவங்க அட்ரஸும் ஒண்ணாவே கீது?”

“தப்பில்ல. ரெண்டும் நான்தான். சீல் குத்துங்க.”