பின் சீட்டில் பெட்ரோல் வாசம்

பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன் நான். மண்டியில் தக்காளிக் கூடையை எடை போட்டு எண் எழுதுவதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. பின் சீட்டில் இடது பக்கம் அவளுடையது. ஞாயிறு மாதா கோவில் பூசைக்குப் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியில் தெரிகிற போர்டையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். நான் பதில் பேசுகிற ஆள் இல்லை. கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு, கார் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் நின்றது.

கல்யாணமாகிச் சில வருடங்கள் அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த நாட்களில் கொட்டகையில் குளவி மண்கூடு கட்டத் தொடங்கியது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். பிறக்கும்வரை கூட்டைக் கலைக்கக் கூடாது. என் மனைவி கொட்டகைக்குள் துடைப்பம் கொண்டுபோவதையே விட்டுவிட்டாள். மகள் போனில் நல்ல செய்தி சொன்ன அன்று, மனைவி முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அந்தக் கூடுகளைத்தான்.

ஏழாம் மாதம் ஓசூரில் வளைகாப்பு. முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நம் காரிலேயே வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக வண்டியைக் கழுவி, டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்து வாசலில் வண்டி வெயிலில் நின்றது. கை நிறைய வளையலோடு வந்து இடது பக்கம் உட்கார்ந்தவள், தெருமுனை தாண்டும் முன்பே வாயைப் பொத்திக்கொண்டாள். இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தாள். உள்ளே குப்பென்று பெட்ரோல் வாசம். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று எனக்குப் பழகிப்போயிருந்தது.

சம்பந்தியம்மா கோபப்படவில்லை. "வாசம் போவட்டுங்க, அப்புறம் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. எட்டு மாசம் முடிஞ்சுட்டா நான் அனுப்பமாட்டேன். இங்கயே பொறக்கட்டும், இதுவும் அவ வூடுதானுங்களே" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. திரும்பி வரும்போது, மகளுக்காக மனைவி எடுத்துவந்த தலையணை மட்டும் பின் சீட்டில் இருந்தது.

பாலக்கோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒரு பாய். என்னைவிட இளையவர். பெட்ரோல் மூடி லூசு என்று சொல்லி, இறுக்கமான புது மூடி போட்டார். நானும் என் பங்குக்கு, மூடிக்கு அடியில் பாலிதீன் கவரை மடித்து வைத்துத் திருகினேன். வாசம் இன்னும் கூடியது. அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றினார். என்ஜின் பக்கம் வாசமே இல்லை. "உங்க மூக்குலதான் ரிப்பேருங்கண்ணா" என்று சிரித்தார்.

அதன் பிறகு நானே கவனிக்கத் தொடங்கினேன். மண்டியிலிருந்து வந்ததும் பின் சீட்டில், அவள் இடத்தில், கதவை மூடிக்கொண்டு உட்காருவேன். காலையில் வாசம் இருக்காது. வெயில் ஏறித் தகரம் காய்ந்த பிறகு வரும். டாங்கி நிறைந்திருந்தால் அதிகம் வரும். வந்தது சீட்டின் இடது முதுகுப் பக்கமிருந்து.

ஒரு நாள் மனைவி எட்டிப் பார்த்து, "அவ எடத்துல ஒக்காந்துக்கிட்டு என்னங்க பண்றீங்க?" என்றாள். மோந்து பார்க்கிறேன் என்றேன். அது பாதிதான் உண்மை. அவளும் மறுபக்கக் கதவைத் திறந்து வந்து உட்கார்ந்தாள்.

ஒரு மதியம் மூடியைத் திருகியபோது புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. பாயிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கே வந்தார். சூட்டில் டாங்கிக்குள் பெட்ரோல் ஆவியாகும், அது வெளியே போக மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று உண்டு, அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே ஆவி கசியும் என்றார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டாங்கிக்குப் போகும் தடித்த குழாய், சீட்டுக்குப் பின்னால் வெடித்திருந்தது. மெல்லிய குழாயின் முனையை மண் அடைத்திருந்தது. குளவிக்கூடு.

பாய் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டார். மனைவி கொடுக்கவில்லை.

"கலைக்காதீங்க பாய்."

"இதக் கலைச்சாத்தாங்க்கா உங்க பொண்ணு வூட்டுக்கு வரும்."

"அது கட்டினதாலதான் எம் பொண்ணு வயித்துல ஒண்ணு தங்குச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "குத்த வேணாம் பாய். முனைய மட்டும் கூட்டோட அறுத்துக் குடுத்துடுங்க" என்றேன்.

பாய் தலையாட்டினார். "பேசமாட்டாரு, பேசமாட்டாருன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே பிளேடு எடுத்தார். விரல் நீளத்துக்கு ரப்பர், உள்ளே உடையாத மண். மனைவி இரண்டு கையிலும் வாங்கிப்போய் மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். பாய் இரண்டு குழாய்களையும் புதிதாக மாற்றினார். என் பாலிதீன் கவரை நுனிவிரலால் எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

மறுபடி டாங்கியை நிரப்பி, நடுப்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தினேன். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வாசம் இல்லை. மூடியைத் திறந்தேன். சத்தம் இல்லை.

எட்டாம் மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. மகளிடம் எப்போதும் மனைவிதான் போனில் பேசுவாள், நான் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்பேன். அன்று நானே கூப்பிட்டேன். வாசம் போய்விட்டது என்றேன்.

"நாளைக்கே வந்துருங்கப்பா. என் எடத்துல யாரையும் ஒக்கார வைக்காதீங்க" என்றாள்.

அன்று மாலை முழுக்க, வழியில் அவளிடம் பேசவேண்டியதை மனதில் சேர்த்துக்கொண்டிருந்தேன். கொய்யா காய்த்திருப்பது. அவள் போன பிறகு ராயக்கோட்டை ரோட்டில் புதிதாக வந்த போர்டுகள். கார் காலியாக ஓடும்போது என் காது எதைத் தேடுகிறது என்பது.

மறுநாள் காலை போய் அழைத்து வந்தோம். வாந்தி எடுக்கவில்லை. ஓசூரைத் தாண்டியதுமே தூங்கிவிட்டாள். வீடு வந்து சேரும்வரை எழவில்லை. நான் எதுவும் பேசவில்லை.