அக்காவின் இடது கை

என் அக்கா நாற்பத்தாறாவது வயதில் ஒரு பாட்டுக்குழுவில் ட்ரம்ஸ் வாசிக்க ஆசைப்பட்டாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் எரிந்து விழுந்தேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பாதி வேலையை வீட்டுக்குத் தூக்கி வருவேன். ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் முதலாளி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அடுத்த அறையில் ஒருத்தி டம டம என்று தட்டிக்கொண்டிருந்தால் கால்புள்ளி எங்கே கண்ணில் படும்?

அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். காய்ந்ததை இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். அப்பா போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினொன்று. அந்த மாதமே வேலைக்குச் சேர்ந்தவள்தான். என்னைப் படிக்க வைத்தாள், அம்மாவைக் கடைசிவரை தாங்கினாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, வந்த வழியே போனது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, பக்கத்துத் தெரு மன்றத்தின் திரைச்சீலைகளைத் துவைத்துத் திரும்ப மாட்டப் போனபோது, மேடையில் இருந்த ட்ரம்ஸுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு பாட்டுக்குழு உண்டு. அதை நடத்துகிற கடிகார ரிப்பேர்க்காரர் நல்ல மனிதர். விரட்டாமல் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு அவளை யார் பிடிப்பது? இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் போனாள். வீட்டில் மேசைமேல் ஒரு ரப்பர் பலகையை வைத்துத் தட்டினாள்.

பிறகு குழுவின் ட்ரம்ஸ்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு அக்காவும் ஒரு லாரி மெக்கானிக்கும் போட்டி. மூன்று வாரம் கழித்து இருவரும் ஒரே பாட்டை வாசித்துக் காட்ட வேண்டும் என்றார் கடிகாரக்காரர். அந்தப் பாட்டில் கடைசிச் சரணத்துக்கு முன்னால் பாடுபவர் நிறுத்திவிடுவார். நான்கு எண்ணிக்கைக்கு ட்ரம்ஸ் மட்டும் தனியாக ஓடும். அதை இடது கையில் தொடங்க வேண்டும். அக்கா அங்கேதான் குப்புற விழுந்தாள்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம். முதலிலிருந்து ஆரம்பிப்பாள், தடுமாறுவாள், உச்சுக்கொட்டுவாள், மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் பாட்டின் தொடக்கம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் என் பொறுமை போயிற்று. எவ்வளவு சத்தம் போடுகிறாள் என்று அவள் காதாலேயே கேட்கட்டும் என்று, ஒரு மணி நேரத்தையும் போனில் பதிவு செய்து, சாப்பிட உட்கார்ந்தவள் முன்னால் வைத்தேன். இதில் நல்லெண்ணம் துளியும் இல்லை. வெறும் ஆத்திரம்.

அவள் கோபப்படவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் பென்சிலை எடுத்து, என் திருத்தத் தாளின் பின்பக்கத்திலேயே கோடு கோடாகப் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டாள். ஒரு மணி நேரத்தில் பாட்டைத் தொடங்கியது இருபத்து மூன்று முறை. அந்த நான்கு எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்தது ஒன்பதே முறை. ஒன்பதும் தப்பு.

"அந்த இடம் வரப்போகுதுன்னாலே பயந்துபோய் முதலுக்கே ஓடிடறேன். ஒரு மணி நேரமா தப்பைத்தான்டா பழகியிருக்கேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து பாட்டு நின்றது. நான்கு எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. போனில் ஒரு தாளக் கருவியை டிக் டிக் என்று ஓடவிட்டு, ஆமை வேகத்தில் இடது கையில் தொடங்கினாள். வரிசையாகப் பத்து முறை சுத்தமாக வந்தால்தான் வேகத்தை ஒரு புள்ளி ஏற்றுவாள். ஒன்று பிசகினால் இறக்கிவிடுவாள். இருபது நிமிடத்தில் குச்சியைக் கீழே வைத்துவிடுவாள். இந்த வேகத்தில் போனால் என் பேரன் கல்யாணத்துக்குத்தான் வாசிப்பாய் என்று கிண்டல் செய்தேன். மெதுவாக வராதது வேகமாக எப்படி வரும் என்று திருப்பிக் கேட்டாள்.

சலவைக்கூடத்திலும் ஆரம்பித்துவிட்டாள். விரிப்பை மடிக்கும்போது இழுப்பது, நீவுவது, ஓரம் சேர்ப்பது எல்லாம் வலது கைதான். இடது கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். இவள் அதை மாற்றி இடது கையால் மடிக்கப் போக, விரிப்புகள் கோணல்மாணலாக வந்தன. எதிரே நின்றவள் திட்டினாள், மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். இரண்டாவது வாரம் விரிப்புகள் நேராயின.

வாசித்துக் காட்ட வேண்டிய ஞாயிறு அவள் கூப்பிடாமலே நானும் போனேன். மெக்கானிக் முதலில் வாசித்தார். என்ன மிடுக்கு! பாடுபவர் நிறுத்துகிற அந்த நான்கு எண்ணிக்கை இடைவெளியைக் கொஞ்சம் அவசரமாகக் கடந்தார், அவ்வளவுதான். அக்கா இடைவெளியைச் சுத்தமாக வாசித்தாள். ஆனால் கவனிக்காமல் விட்டிருந்த இரண்டாவது சரணத்தில் சற்றே தடுமாறினாள். கடிகாரக்காரர் தாடையைத் தடவினார். மேடையில் பாடகர்கள் நினைத்த இடத்துக்குத் தாவுவார்கள், அதனால் இரண்டு பேரும் நேராக இடைவெளியிலிருந்து தொடங்கிக் காட்டுங்கள் என்றார்.

மெக்கானிக் மூன்று முறை முயன்றார். பாவம், முதலிலிருந்து வந்தால்தான் தனக்குக் கை வரும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அக்கா உட்கார்ந்தாள். இடது கையைத் தூக்கினாள். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அச்சடித்தது போல ஒரே மாதிரி வந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

கடிகாரக்காரர் மேடையேறி அவள் அருகில் போனார். "எங்களுக்கு நீங்கதாம்மா வேணும். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து வந்துடுங்க."

வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில் அவள் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் வேணும்னு சொன்னாருடா. என்கிட்ட இதுவரைக்கும் யாருமே அப்படிச் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். அவள் வளர்த்து ஆளாக்கிய நான், முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, அவளுக்குப் பின்னால் போகக் கால் எழாமல் நின்றேன்.