தேர் வராத தெருவைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்

திண்டிவனத்தில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். வல்லம் இருந்தது. அனந்தபுரம் இருந்தது. அந்த ஊர்களுக்கு அருகில்தான் இருக்கிறது எங்கள் ஊர். அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்போது அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் பள்ளிக்கூட வாத்தியார்; ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவர். எங்கள் பங்குக் கோயிலின் பொன்விழா மலரில் ஊர் வரலாற்றை எழுதியதும் அவர்தான். அந்தக் கட்டுரையை அப்படியே அடித்து ஏற்றினேன். அவர் பெயரையும் கடைசியில் போட்டேன். திதி கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவருக்காக ஏதோ செய்துவிட்டது போல அன்றைக்கு ஒரு நிறைவு.

மறுநாள் பக்கம் காலியாக இருந்தது.

பிறர் செய்தி விடுவதற்கென்று அங்கே எனக்கு இருந்த பேச்சுப் பக்கத்தில், அந்தத் தளத்தின் நிர்வாகி ஒருவர் செய்தி விட்டிருந்தார். முகம் தெரியாத மனிதர், ஆனால் மரியாதையாக எழுதியிருந்தார். அச்சில் வந்த ஒன்றை அப்படியே இங்கே போடக் கூடாது, அது பதிப்புரிமை மீறல், சொந்த நடையில் சான்றுகளோடு எழுதுங்கள், புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழைதான், வருந்த வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதியவர் என் அப்பா. அவர் எழுத்தைப் போட நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்று பதில் போட்டேன்.

அவர் விடாமல் விளக்கினார். எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு. அம்மா, நான், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் எழுத்து மூலம் சம்மதித்தால் போடலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். சம்மதித்துவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், திருத்தலாம், புத்தகமாகப் போட்டு விற்கக்கூடச் செய்யலாம்.

எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அம்மா ஊரிலேயே இருந்தாள். அந்த ஞாயிறு பஸ் ஏறிப் போனேன். களத்தில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தவள், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க அப்பா எழுதுனத எவன் வேணா மாத்துவானா?"

"ஆமாம்மா. அப்படித்தான் சட்டம்."

"அப்ப வேணாம்."

"பேர் நிலைக்கும்மா."

கையில் இருந்த கோலைக் கீழே வைத்தாள். "எந்தப் பேரு? அதுல என்னா எழுதிக்கிறாரு, படிச்சியா நீ? ஊரும் காலனியும் ஒரே குடும்பமா வாழுதுன்னு எழுதிக்கிறாரு. மனசாரவா எழுதுனாரு? வந்து கேட்டாங்க, எழுதிக் குடுத்தாரு. தேர் நம்ப தெருவுக்கு வர்றதில்லன்னு எழுதியிருந்தா மலர்ல போட்டிருப்பாங்களா?"

அந்த வரியை நான்தானே அடித்தேன். அடிக்கும்போது அப்பா எழுத்து என்பது மட்டும்தான் தெரிந்தது.

விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத் திருவிழாவில்தான், தேர் காலனிக்குள்ளும் வர வேண்டும் என்று எங்கள் தெரு ஆட்கள் கேட்டார்கள். ஊர்ப் பக்கத்துக் கோயில் தெருக்காரர்கள் முடியாது என்றார்கள். விழுப்புரத்திலிருந்து போலீஸ் வந்து நின்றது. சோடித்த தேர் கோயில் வாசலிலேயே நின்று, மல்லிச் சரமெல்லாம் வெயிலில் வாடிக் கறுத்ததைப் பார்த்தேன். அப்பா அன்றைக்கு முழுவதும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. எங்களோடும் பேசவில்லை.

சொந்த நடையில் எழுத உட்கார்ந்தபோது இதைத்தான் எழுதினேன். வஞ்சகம், வெறி, அநியாயம் என்று எந்தச் சொல்லையும் விடவில்லை. நிர்வாகி மறுபடி வந்தார். "நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கும். ஆனால் உங்கள் நினைவு இங்கே சான்று ஆகாது. அச்சில் வந்தது வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். தீர்ப்பை வாசிப்பவரிடம் விடுங்கள். நடுநிலை என்பது அதுதான்."

அன்றைக்குக் கணினியை அணைத்துவிட்டு அழுதேன். என் கண்ணால் பார்த்தது கணக்கில் வராது, பொன்விழா மலரில் அச்சான பொய் வேண்டுமானால் சான்றாகும் என்றால் அது என்ன நியாயம்?

ஆனாலும் விடவில்லை. அந்தப் பிரச்சினையின்போது உண்மை அறியும் குழு ஒன்று வந்து போனதும், சின்னப் புத்தகம் போட்டதும் நினைவிருந்தது. விழுப்புரத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்து அலமாரியில் அது கிடைத்தது. அதைக் காட்டி, தேர் மறுக்கப்பட்டதை எழுதினேன். ஒரு வாரத்தில் யாரோ அதை நீக்கினார்கள். நான் மீட்டேன். மறுபடி நீக்கினார்கள். நிர்வாகி யாரும் திருத்த முடியாதபடி பக்கத்தைப் பூட்டிவிட்டு, "இரண்டு பேரும் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பேசி முடியுங்கள்" என்றார்.

எதிராளி எழுதினார்: "நானும் இந்த ஊர்தான். கோயில் தெரு. நீங்கள் காட்டும் புத்தகம் ஒரு தரப்பை மட்டும் பேசுகிறது."

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரே ஊர். ஒரே கோயில். பூசையில் இவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பார், நாங்கள் இடது பக்கம். இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு ஆள் ஒருவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"இன்னொரு தரப்புக்குச் சான்று இருந்தால் நீங்களே சேருங்கள். என்னுடையதை ஏன் நீக்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

சில நாள் கழித்து ஒரு பழைய நாளிதழ்ச் செய்தியைக் கொண்டுவந்தார். தேர்ப்பாதை முன்னோர் வகுத்தது, அதை மாற்ற முடியாது என்று கோயில் தெருப் பெரியவர்கள் சொன்னது அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டோம். 'மறுத்தனர்' என்றேன், 'இசையவில்லை' என்றார். 'மரபு' என்றார், 'மரபு என்று கூறினர்' என்று போடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. ஒரு நாள் அவரே எழுதினார்: "மறுத்தனர் என்றே இருக்கட்டும். என் தந்தையும் அன்று மறுத்து நின்றவர்தான்."

கடைசியில் இப்படி நின்றது: "திருவிழாத் தேர் காலனித் தெருவுக்கும் வர வேண்டும் என்று அங்குள்ள மக்கள் கோரினர், பாதை முன்னோர் வகுத்த மரபு என்று கூறிக் கோயில் தெருவினர் மறுத்தனர். அவ்வாண்டு தேர் ஓடவில்லை." கீழே இரண்டு சான்றுகள்.

அம்மாவுக்கு போனில் படித்துக் காட்டினேன்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா. நம்ப மனசுல இருக்கறத அதுல எழுத முடியாது."

"செரி. பொய்யி இல்ல," என்றாள். அதற்குப் பிறகு, "உங்கப்பாவும் இதத்தான் எழுத நெனச்சிருப்பாரு," என்றாள்.

அப்பாவின் கட்டுரைக்கு நாங்கள் சம்மதக் கடிதம் எழுதவே இல்லை. அது மலரிலேயே இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அம்மா இறந்தாள். சில வாரம் எழுத வர மாட்டேன், தாயார் காலமாகிவிட்டார் என்று என் பயனர் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தேன். அடக்கத்தன்று, காலனிக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் தெருவிலிருந்து ஒருவர் அந்தத் தோட்டத்துக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் மண் போட்டு முடித்ததும் அவர் முன்னால் வந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"'மரபு'ன்னு எழுதிக்கினு உங்ககிட்ட சண்ட போட்டவன் நான்தாங்க," என்றார்.

"உங்க தெருவுல ஏதாவது சொல்ல மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்வாங்க," என்றார்.

வீடு வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். வாசலில் நாற்காலி போட்டோம். என் சித்தி டீ கொண்டுவந்தவள், கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவரே எழுந்து கை நீட்டி டம்ளரை வாங்கி, தெருவைப் பார்த்தபடி நிதானமாகக் குடித்தார்.