டப்பில் கறுத்த தண்ணீர்

மறதி அதிகமாகிவிட்ட என் அம்மாவை, ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்த இலவச சிகிச்சை முகாமுக்கு அழைத்துப் போனேன்.

"மூளையில படிஞ்ச இரும்பு, தாமிரமெல்லாம் கால் வழியா இறங்கிடும்க்கா" என்ற முகாம்காரர், உப்புத்தண்ணீர் டப்பில் அம்மாவின் கால்களை வைத்தார். இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு மெஷினைப் போட்டார். தண்ணீர் சாக்கடையாக நுரைத்தது. அந்தக் கண்றாவியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் வேறு போட்டேன்.

இடையில் அம்மா டப்பிலிருந்து காலை எடுத்து, பாத்ரூம் போய்த் திரும்பினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் இன்னும் கறுத்திருந்தது.

"என் கால் இங்க இருக்கு. இப்ப யாரு மூளையில இருந்து இறங்குது?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது: உப்புத்தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து, கம்பிதான் துருவாகக் கரைந்திருந்தது. சீ என்றாகிவிட்டது.

இப்போது தாம்பரத்தில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுகிறோம். யாராவது இப்படி மெஷினோடு வந்தால், "காலை வைக்காம ஓட்டிக் காட்டுங்க" என்கிறேன்.