அரிசி டின்னுக்குள் வைத்த டிஸ்க்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவதோடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் முன்னது பின்னதாகும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் போர்ட் பிளேரில், மரைன் ஹில் இறக்கத்தில் ஒரு சரக்கு ஆபீஸில் வேலை பார்த்தாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் சிமெண்ட், வெங்காயம், மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் அங்கேதான் பில். பில்லெல்லாம் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். அது கெட்டுப்போனால் எந்த மூட்டை யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் வாராவாரம் நகல் எடுத்து, மாயாபந்தர் கிளை ஆபீஸில் வைப்பார்கள். அப்போது இந்தத் தீவில் நெட் நத்தை மாதிரி. நகல் ஒரு சின்ன டிஸ்க்கில் ஏறி, பஸ்ஸில்தான் போகும்.

அந்த வேலை என் மகளுடையது. சாயங்காலம் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். விடிந்ததும் மாயாபந்தர் பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். இங்கே உப்புக்காற்றில் பூட்டுகூடத் துருப்பிடிக்கும். ஈரம் ஏறாமல் இருக்க, அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்போம்.

"உங்க ஆபீஸ் மொத்தமும் நம்ம அரிசிக்குள்ளயா கிடக்கு?" என்பேன்.

"ஆமாம்மா. பாத்து அள்ளு. உலையில சிமெண்ட் விழுந்துரப் போகுது."

"இருக்கிற எல்லாத்தையும் இதுல எடுத்துருவியா?"

"எல்லாத்தையும் எடுத்தா ஏறி முடியுறதுக்குள்ள பஸ் போயிரும். திரும்பச் செய்ய முடியாதத மட்டும் எடுப்பேன்."

புரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

விடுமுறை நாளில் யாராவது அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணினால் அதே சர்வரில் அவள் பதிந்து வைத்த குரல்தான் பதில் சொல்லும். முதலில் ஹிந்தி, பிறகு தமிழ். "வணக்கம். இன்று அலுவலகம் விடுமுறை. நாளை அழையுங்கள்." தமிழ் தொடங்கும் முன்னால் லேசாக ஒரு மூச்சு எடுப்பாள். தலை பின்னிவிட உட்காரும்போதும் அப்படித்தான் எடுப்பாள்.

அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் அவள் போட்டோ இருக்கிறது. பேச்சு இல்லை. வீடியோ எடுக்கிறவள் எப்போதும் அவள்தான். எடுக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டுதானே எடுப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆபீஸ் நம்பருக்குப் போன் போடப் பழகினேன். நாளை அழையுங்கள் என்பாள். அடுத்த ஞாயிறு அழைப்பேன். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். வைத்த பிறகு, "பேசிட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு ஞாயிறு வேறொரு பெண் பேசினாள். நல்ல குரல்தான். நம்பர் மாறிவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் போட்டேன்.

மறுநாள் ரெண்டு பேரும் ஆபீஸுக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வங்காளி. என் மகளோடு கூட வேலை பார்த்தவர். "பைட்டியே மௌசி", உட்காருங்க சித்தி என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மற்றதையும் அவர் ஹிந்தியில்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். புதிதாக வந்த பெண்ணைப் பேசவைத்துப் பழையதன் மேலேயே பதிந்துவிட்டார்களாம். மேலே பதிந்தால் அடியில் இருந்தது அடியோடு போய்விடுமாம். யாருக்கும் தோன்றவில்லையாம்.

"மாயாபந்தர்ல நகல் இருக்குமே?" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் அங்கே பேசியதே இல்லை.

"இப்போ டிஸ்க் போறதில்ல மௌசி. கடலுக்கடியில கேபிள் வந்தப்புறம் இங்க என்ன செஞ்சாலும் உடனே அங்கயும் நடந்துரும். இங்க மேல பதிஞ்சா அங்கயும் பதிஞ்சுரும்."

"பின்ன எதுக்குய்யா ரெண்டு இடம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மெஷின் கெட்டா அது காப்பாத்தும் சாச்சா. நாமளே அழிச்சா, அதுவும் கூடச் சேந்து அழிச்சுரும்."

பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. கடைசியாகப் பஸ்ஸில் போன டிஸ்க், என் மகள் அனுப்பியது, மாயாபந்தர் அலமாரியிலேயே கிடக்கலாம் என்றார். அங்கே போன் போட்டார். கிடந்தது.

அது வந்த அன்றைக்குக் கூப்பிட்டார். அதே பிளாஸ்டிக் பை. மூலையில் எங்கள் வீட்டு அரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மாட்டியதும் திறந்துகொண்டது. சிமெண்ட், வெங்காயம், மருந்துப் பெட்டி, பில் பில்லாக வந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை. அவர் தேடினார், திரும்பவும் தேடினார், பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"குரல் இதுல இல்ல மௌசி. நகல்ல அது வர வேண்டாம்னு வச்சிருக்கு."

"யாரு அப்படி வச்சது?" என்றார் என் வீட்டுக்காரர். கோபமாகத்தான் கேட்டார்.

கம்ப்யூட்டர்காரர் எங்களைப் பார்க்கவில்லை. "உங்க பொண்ணுதான்."

எனக்கு அப்போதுதான் அவள் சொன்னது புரிந்தது. பில் போனால் யாரும் திரும்ப எழுத முடியாது. குரல் போனால் என்ன, அவள் இருக்கிறாளே, இன்னொரு தரம் பேசிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அதை விட்டிருப்பாள்.

அந்த அரிசியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் இப்போதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். நான்தான் போனை எடுப்பதில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தை நான் தப்பும் தவறுமாக எழுதியிருப்பேன். தெரிந்தவர்கள் யாராவது படித்தால் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, மேலே பதிந்தால் அடியில் இருந்தது அடியோடு போய்விடும் என்று அந்த வங்காளி சொன்னாரே, அது அப்படித்தானா என்று பாருங்கள்.